ஆல்பனிக்குப் போன ஆசிரியை

ஆசிரியரைப் போற்றுவதில் நம் சமுதாயம் யாருக்கும் பின்தங்கியதன்று. எழுத்தறிவித்தவரைக் கண்டால் எழுந்து நிற்கிறோம். திருமண வீட்டில் முன்வரிசையில் அமர்த்துகிறோம். பிள்ளையின் தலையில் அவர் கை பட்டால் மகிழ்கிறோம். ஆனால் அதே ஆசிரியர் ஒரு நாள் சட்டமன்றத்துக்கு வாக்குக் கேட்டு வாசலில் வந்து நின்றால் நம் முகம் மாறிவிடுகிறது. பள்ளிக்கூடத்தைப் பார்க்காமல் இவருக்கு ஏன் இந்த வீண் வேலை என்கிறோம். இவர் பின்னால் எத்தனை பேர், பையில் எவ்வளவு பணம் என்று கணக்குப் பார்க்கிறோம். வந்தவர் பெண்ணாக இருந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை.

இது நம் மண்ணுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1964ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பெட்ஃபோர்டு ஸ்டைவசன்ட் வட்டாரத்தில், குழந்தைகளுக்குக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஷெர்லி சிஷம் என்னும் அம்மையார் மாநிலச் சட்டமன்றத்துக்கு வாக்குக் கேட்டுத் தெருத்தெருவாக நடந்தார். அவருடைய இனத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அவரை நிறுத்தி, கணவருக்குக் காலை உணவு கொடுத்தாயிற்றா, வீட்டைப் பெருக்கியாயிற்றா, ஆண்கள் செய்யும் வேலையில் உனக்கென்ன என்று கேட்டார். அம்மையார் சினம் கொள்ளவில்லை. பொது வாழ்வில் தாம் பல்லாண்டு உழைத்து வந்ததைப் பொறுமையாக எடுத்துரைத்தார். மழலைகளிடம் பழகியவருக்குப் பொறுமை கைவந்த கலை போலும்!

பிற்காலத்தில், 1972இல், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்றவர் என்றே உலகம் இவரை நினைவில் வைத்திருக்கிறது. அது பெரிய செய்திதான். ஆயினும் அதற்கு முன்னர் நியூயார்க் மாநிலத் தலைநகராகிய ஆல்பனியில் அவர் கழித்த நான்கு ஆண்டுகளே நம் சிந்தனைக்கு அதிக விருந்தளிப்பவை என்பது நம் கருத்து. வகுப்பறையில் கண்டதைச் சட்டமாக்க ஓர் ஆசிரியரால் இயலுமா என்னும் வினாவுக்கு அங்கேதான் விடை கிடைக்கிறது.

அவர் 1924ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் புரூக்ளினில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் கயானாவிலிருந்தும் தாய் பார்படோஸ் தீவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். குறைந்த கூலியில் பிள்ளைகளை வளர்க்க வழியின்றி, அவர்களைச் சிறு வயதிலேயே பார்படோஸில் இருந்த பாட்டியிடம் அனுப்பி வைத்தார்கள். கடல் கடந்து போனவர்களின் பிள்ளைகள் பாட்டியர் மடியில் வளர்ந்த கதையை, பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆண்மக்களை அனுப்பி வைத்த நம் கடற்கரை ஊர்கள் நன்கறியும். அத்தீவின் பள்ளியில் கண்டிப்பு மிகுதி, பாடமும் மிகுதி. எழுத்தும் வாசிப்பும் அங்கே இளமையிலேயே தமக்கு வசப்பட்டன என்று அம்மையார் பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்திருக்கிறார்.

1934இல் புரூக்ளினுக்குத் திரும்பியபோது ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்பதைவிட அநீதி என்பதே பொருந்தும். நன்றாகப் படிக்கவும் எழுதவும் தெரிந்த அச்சிறுமியை, அமெரிக்க வரலாறும் பூகோளமும் தெரியவில்லை என்னும் காரணத்தால், அவள் வயதுக்குப் பல வகுப்புகள் கீழே தள்ளி அமர வைத்துவிட்டார்கள். சலிப்புற்ற சிறுமி குறும்பு செய்யத் தொடங்கினாள். நல்வாய்ப்பாக, அவள் குறும்புக்குக் காரணம் சலிப்பே என்பதை உணர்ந்துகொள்ளும் அறிவு அங்கிருந்தவர்களுக்கு இருந்தது. தனியே பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். விரைவில் அவள் தன் வயதுப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தாள். ஒரு பிள்ளைக்கு என்ன தெரியாது என்பதை அளந்துவிட்டு, அதுவே அப்பிள்ளையின் அறிவு என்று முடிவு கட்டும் இப்பிழையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் சட்டமன்றத்தில் இதையே மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

அக்காலத்தில் தாயார் வெள்ளையர் இல்லங்களில் வீட்டு வேலைக்குப் போனார். மூத்தவளாகிய ஷெர்லி வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நண்பகலில் தங்கைகளை அழைத்து வந்து உணவு கொடுத்து மீண்டும் பள்ளியில் கொண்டுபோய் விடுவாள்.

1946இல் புரூக்ளின் கல்லூரியில் பட்டம் பெற்று வேலை தேடினார். உருவத்தில் சிறியவர், பார்வைக்கு மாணவியைப் போலவே இருப்பார். பல இடங்களில் கைவிரித்தார்கள். ஹார்லெமில் இருந்த மவுண்ட் கால்வரி குழந்தைக் காப்பகம் அவரை ஆசிரியைப் பணியில் சேர்த்துக்கொண்டது. அங்கே ஏழாண்டுகள் கற்பித்துக்கொண்டே இரவு வகுப்புகளில் பயின்று, கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் குழந்தைக் கல்வியில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் கீழ் மன்ஹாட்டனில் ஹாமில்டன் மேடிசன் காப்பகத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 3 முதல் 7 வயது வரையிலான 130 பிள்ளைகளும் 24 ஊழியர்களும் அவர் பொறுப்பில் இருந்தனர். போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே பலர் இருந்தனர். அவர்களோடு ஸ்பானிய மொழியில் உரையாட அம்மையாருக்குத் தெரியும். 1959 முதல் 1964 வரை நகராட்சியின் குழந்தைக் காப்பகப் பிரிவில் கல்வி ஆலோசகராகவும் இருந்தார்.

குழந்தைக் காப்பகத்தின் வாசலில் நிற்பவருக்கு ஊரின் பொருளாதாரம் புத்தகமின்றியே விளங்கிவிடும். விடியற்காலையில் பிள்ளையை விட்டுவிட்டு வேறொருவர் வீட்டுப் பிள்ளையைப் பார்க்க ஓடும் தாய், அந்த வேலை போனால் மறுநாளுக்கு ஒன்றுமில்லாத தாய், பள்ளியிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் தயங்கி நிற்கும் தாய் — இவர்களே நாள்தோறும் அங்கு வருகிறவர்கள்.

அரசியலில் அவர் திடீரென்று குதித்தவர் அல்லர். கல்லூரி நாட்களிலிருந்தே வட்டாரத்து ஜனநாயகக் கட்சி மன்றத்துக்குப் போய் வந்தார். அம்மன்றத்தை வெள்ளையர் நடத்தி வந்தனர். கறுப்பின மக்கள் ஒருபுறமாக ஒதுங்கி அமர்வர். மன்றத்தின் செலவுக்குப் பணம் திரட்டும் குலுக்கல் விழாவுக்காகப் பெண்கள் சுருட்டுப் பெட்டிகளுக்கு வண்ணம் தீட்டி அலங்கரிப்பார்கள். பணத்தைச் சேர்த்துத் தருவது பெண்கள், செலவிடுவது ஆண்கள்! பெட்டிக்கு வண்ணம் தீட்டியபடியே அம்மையார் இம்முறையைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். 1960இல் தாமஸ் ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து கறுப்பின மக்களின் ஐக்கிய ஜனநாயக மன்றத்தை உருவாக்க உழைத்தார். 1962இல் ஜோன்ஸ் சட்டமன்ற உறுப்பினரானார். 1964இல் அவர் நீதிபதியாகப் போனதால் இடம் காலியாயிற்று.

அவ்விடத்துக்குத் தாமே உரியவர் என்று அம்மையார் கேட்டபோது, தோளோடு தோள் நின்ற மன்றத்து ஆண்களே தயங்கினார்கள். வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கியவர், கூட்டங்களை நடத்தியவர், தேர்தல் வேலையின் நெளிவு சுளிவு அனைத்தும் அறிந்தவர் அவர். அவரை மறுக்க, பெண் என்பதைத் தவிர வேறு காரணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அம்மையாரோ விடவில்லை. தேர்தல் செலவுக்குத் தம் சொந்தச் சேமிப்பை எடுத்தார். வட்டாரத்துப் பெண்கள் துணை நின்றனர். கட்சிக்குள் நடந்த முதல்நிலைத் தேர்தலில் வென்று, நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் எதிர்த்தவர்களை வெகு தொலைவில் விட்டு முந்தினார். நியூயார்க் சட்டமன்றத்தில் அவருக்கு முன்னர் அமர்ந்த கறுப்பினப் பெண் ஒருவரே: 1954இல் ஹார்லெமில் தேர்ந்தெடுக்கப்பட்ட பெஸ்ஸி புக்கானன்.

வென்றதோடு ஓயவும் முடியவில்லை. தொகுதிகளின் மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும் என்று 1964இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் நியூயார்க்கின் தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன. அதனால் 1964, 1965, 1966 என மூன்று ஆண்டுகளில் மூன்று தேர்தல்களை அவர் சந்திக்க நேர்ந்தது. மூன்றிலும் வென்றார்.

புரூக்ளினிலிருந்து ஆல்பனி ஏறத்தாழ 150 மைல். வார நாட்களில் அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். மாலை வேளைகளில் மற்ற உறுப்பினர்கள் விருந்துகளிலும் அரட்டையிலும் கூடியிருக்க, அம்மையார் அறையில் அமர்ந்து மசோதாக்களைப் படிப்பார். யாருடனும் ஒட்டாதவர் என்று பெயர் எடுத்தார். அரசியலில் இது குறைபாடே. நட்பினால் நடக்கும் காரியங்கள் சட்டமன்றத்தில் பல உண்டு. ஆயினும் மறுநாள் விவாதத்தில் எந்தப் பிரிவில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்து பேசியவர்களில் அவரும் ஒருவர்.

அவர் கொண்டுவந்த மசோதாக்கள் 50, சட்டமானவை 8. புதிதாக வந்த உறுப்பினருக்கு இது சிறிய தொகையன்று. அவற்றில் ஒன்று, வேலை இழந்தோருக்கான காப்பீட்டுத் தொகையை வீட்டு வேலை செய்வோருக்கும் நீட்டித்தது. சமையற்கட்டில் உழைப்பவளும் தொழிலாளியே என்பதை அது வலியுறுத்திற்று. மற்றொன்று ஆசிரியைகளைப் பற்றியது. பேறுகாலத்துக்காக வேலையை இடைநிறுத்திய ஆசிரியை, அதுவரை ஈட்டியிருந்த பணி நிரந்தர உரிமையை இழந்து, திரும்பி வரும்போது புதியவளாகவே தொடங்க வேண்டியிருந்தது. அந்நிலையை அச்சட்டம் நீக்கிற்று. பிள்ளைகளுக்குக் கற்பிப்பவள் தான் ஒரு பிள்ளை பெற்றதற்காகத் தண்டிக்கப்பட்ட நிலை அது!

எல்லாவற்றினும் நீண்ட பயன் விளைத்தது, 1966இல் சட்டமான சீக் என்னும் கல்வித் திட்டம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் அக்காலத்தில் கல்விக் கட்டணம் இல்லை. 1976 வரை அந்நிலை நீடித்தது. கட்டணம் இல்லாவிட்டால் என்ன? நுழைவதற்குரிய மதிப்பெண்ணை ஏழை வட்டாரப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளால் எட்ட முடியவில்லை. கதவு திறந்திருந்தும் படி உயரமாக இருந்தது. சீக் திட்டம் அத்தகைய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, பின்தங்கிய பாடங்களில் தனிப் பயிற்சியும், வழிகாட்ட ஆலோசகர்களும், கைச்செலவுக்கு உதவித்தொகையும் அளித்தது. மதிப்பெண் குறைந்தது பிள்ளையின் குற்றமா, பள்ளியின் குற்றமா என்று பிரித்தறிய முயன்ற திட்டம் அது. 1934இல் கீழ் வகுப்பில் அமர்த்தப்பட்ட சிறுமிக்கு அதன் தேவையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டத்துக்காகப் பாடுபட்ட உறுப்பினர்கள் வேறு சிலரும் உண்டு. பெருமை முழுவதையும் ஒருவருக்கே சூட்டுவது முறையாகாது. ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், ஏட்ரியன் ரிச் போன்ற புகழ்பெற்ற கவிஞர்கள் இத்திட்டத்தில் ஆசிரியர்களாகப் பணியாற்றினர் என்பது இலக்கிய அன்பர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

இனி அந்தப் பழைய பிழைக்கு வருவோம். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே வாக்குரிமை என்னும் விதி நியூயார்க்கில் 1921 முதல் இருந்து வந்தது. போர்ட்டோ ரிக்கோத் தீவினர் அமெரிக்கக் குடிமக்களே. ஆனால் அவர்கள் பள்ளியில் கற்றது ஸ்பானிய மொழியில். நாளேடும் நூலும் படிக்கத் தெரிந்த அவர்கள் இவ்விதியால் எழுத்தறிவற்றோர் ஆயினர். தாய்மொழியில் சிறந்து விளங்குபவரை எழுத்தறிவில்லாதவர் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று அம்மையார் சட்டமன்றத்தில் வாதாடினார். தமிழிலோ, அரபுத் தமிழிலோ கடிதமும் கணக்கும் எழுதிக் குடும்பத்தை நடத்திய நம் முதுபெரும் தாய்மார்களைப் படிக்காதவர்கள் என்று சொல்லிப் பழகிய நாமும் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்கலாம். 1965இல் மத்திய அரசின் வாக்குரிமைச் சட்டம், அமெரிக்கக் கொடியின் கீழுள்ள பள்ளிகளில் வேற்று மொழியில் ஆறாம் வகுப்பு முடித்தவருக்கு வாக்குரிமை வழங்கிற்று. 1966இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

1968இல் அவர் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்; அச்சபையில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. புரூக்ளின் நகரத்துப் பிரதிநிதியைத் தொடக்கத்தில் வேளாண்மைக் குழுவில் போட்டார்கள்! அவர் சபையிலேயே மறுத்துப் பேசி வேறு குழுவுக்கு மாறினார். சில ஆண்டுகளில் கல்வி, தொழிலாளர் குழு அவருக்குக் கிட்டிற்று. குழந்தைக் காப்பகங்களுக்கு அரசு நிதி அளிக்கும் மசோதாவுக்கு அங்கே பாடுபட்டார். இரு சபைகளும் ஏற்ற அதனை 1971 டிசம்பரில் குடியரசுத் தலைவர் நிக்சன் தடுத்துவிட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1974இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலை செய்வோருக்கும் உரியதாயிற்று. அதற்காக முன்னின்று போராடியவர்களில் அம்மையார் ஒருவர்.

1983 ஜனவரியில் அவர் நாடாளுமன்றப் பொறுப்பிலிருந்து விலகினார். அப்போது வயது 58. பெரிய நிறுவனம் எதிலும் பதவி தேடிப் போகவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்து, 1987 வரை அங்கே வகுப்பெடுத்தார்.