திண்ணையில் ஒரு பாடத்திட்டம்

ஊருக்கேற்ற பாடத்திட்டம் என்பது புதுக்குரல் அன்று. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு ஆணையிட்டுத் திரட்டிய விவரங்களின்படி, மாகாணமெங்கும் 12,498 கல்விச்சாலைகள் இருந்தன. பயின்றோர் 1,88,650 பேர்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளின் உயிர்நாடி எண்சுவடி. மணலில் விரல் பதித்து எழுத்தறிந்த சிறுவன் முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) எனக் கீழ்வாயிலக்கத்தை மனனம் செய்தான். இருபது மா ஒரு வேலி. ஆதலின் பின்னம் அவனுக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று, கண்முன் கிடந்த வயலே. நெல்லளக்கும் குறுணியும் பதக்கும் அங்ஙனமே பாடமாயின. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கைக்குப்பின் மானியமும் ஆய்வாளரும் அச்சுநூலும் வந்தன. களத்துமேட்டுக் கணக்கு மெல்லமெல்ல வகுப்பைவிட்டு வெளியேறிற்று.

எனினும் அத்திண்ணையை முற்றும் போற்ற நான் ஒருப்படேன். மன்றோவின் பட்டியலில் பெண்மக்கள் மிகச் சிலரே. அவ்வயலில் நாற்று நட்ட ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கோ, பெரும்பாலும் அத்திண்ணையில் இடமே இருந்ததில்லை.