கைமாறிய ஆலயங்கள்
அரபு நகரங்களின் பழங்கட்டடங்கள் கூறும் திருச்சபை வரலாறு

நம் திருச்சபைகளிலிருந்து குழுக்களாகத் திருநாட்டுப் பயணம் மேற்கொள்வோர் பலர். கெய்ரோவில் இறங்கி, சீனாய் மலையைக் கண்டு, யோர்தானைக் கடந்து, எருசலேமை அடைவது இப்பயணங்களின் வழக்கமான பாதையாகும். வேதாகமத்தில் குறிக்கப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் அதற்குரிய பகுதியை வாசித்து, பாடி, ஜெபித்துத் திரும்புவர். இது பயனுள்ள பழக்கமே. ஆயினும் இதில் ஒரு குறையுண்டு. அப்போஸ்தலருடைய நடபடிகளின் இறுதி அதிகாரத்தோடு அந்நாடுகளின் திருச்சபை வரலாறு முடிவுற்றது போலவும், அதன்பின் அங்கெழுந்த நகரங்களும் பள்ளிவாசல்களும் வேதாகம நிலத்தை மறைக்கும் திரைகள் போலவும் பயணிகள் எண்ணிவிடுகின்றனர். குழுவை நடத்தும் ஆயரும் பெரும்பாலும் அவ்வெண்ணத்தைத் திருத்துவதில்லை.

அரபு நகரங்களின் பழங்கட்டடங்கள் திருச்சபை வரலாற்றுக்குரிய ஆவணங்களே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். தமஸ்கு, எருசலேம், கெய்ரோ, அலெப்போ ஆகிய நான்கு நகரங்களை எடுத்துக்கொண்டு, வழிபாட்டிடங்கள் ஒரு சமயத்தாரிடமிருந்து மற்றொரு சமயத்தாரிடம் எவ்வாறு கைமாறின என்னும் வினாவை எழுப்புவோம். வலிமையுள்ளோர் வலிமையற்றோரை எவ்வாறு நடத்தினர் என்பதற்கு இவ்வினாவுக்குரிய விடையே சான்றாகும்.

1. தமஸ்கு: ஒரே மதிலுக்குள்

சவுல் தங்கியிருந்த நேர்த்தெரு (அப். 9:11) இன்றும் பழைய தமஸ்குவின் நடுவே கிழக்கு மேற்காகச் செல்கிறது. அதற்கு வடக்கே, ஏறத்தாழ 157 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் உடைய பெரிய கல்மதிலுக்குள் உமையாப் பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. இவ்விடத்தின் வரலாறு பள்ளிவாசலோடு தொடங்கவில்லை. சீரியருடைய ஆதாத் என்னும் தெய்வத்தின் கோவில் இங்கு இருந்தது. நாகமானின் சரித்திரத்தில் வரும் ரிம்மோன் (2 இரா. 5:18) இத்தெய்வத்தின் மற்றொரு பெயரே. உரோமர் ஆட்சியில் அது யூப்பித்தரின் பெருங்கோவிலாயிற்று. இன்றுள்ள வெளிமதில் அக்கோவிலுக்குரியதே. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், தெயோதோசியு சக்கரவர்த்தியின் காலத்தில், அது கிறிஸ்தவ ஆலயமாக மாற்றப்பட்டது. பின்னர் யோவான் ஸ்நானகனின் பெயரால் அது வழங்கலாயிற்று.

ஆகவே, இவ்விடத்தில் நிகழ்ந்த கைமாற்றங்களுள் ஒன்று நம் முன்னோரால் நிகழ்ந்தது. அரசின் ஆதரவு பெற்ற திருச்சபை, பிற சமயத்தாரின் கோவிலைத் தனதாக்கிக்கொண்டது. பிந்திய நிகழ்ச்சியைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் இதனை நினைவிற்கொள்வது நேர்மையாகும்.

கி.பி. 635-இல் தமஸ்கு அரபுப் படைகளிடம் சரணடைந்தது. ஆயினும் ஆலயம் உடனே பறிக்கப்படவில்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், அதே மதிலுக்குள் ஒருபுறம் கிறிஸ்தவர்கள் ஆராதிக்க, மறுபுறம் இஸ்லாமியர் தொழுதனர். இரு சாராரும் தென்மதிலிலிருந்த ஒரே வாயில் வழியாக உட்சென்று, கிறிஸ்தவர் இடப்புறமும் இஸ்லாமியர் வலப்புறமும் திரும்பினர் எனப் பழைய அரபு வரலாற்றாசிரியர் ஒருவர் குறிப்பிடுகிறார்.

இந்நிலை கலீபா முதலாம் வலீத் (705–715) காலத்தில் முடிவுற்றது. நகரில் இஸ்லாமியர் தொகை பெருகியிருந்தது. பேரரசின் தலைநகருக்கேற்ற பெரும் பள்ளிவாசல் வேண்டுமென அவர் கருதினார். 706-இல் ஆலயம் எடுத்துக்கொள்ளப்பட்டு இடிக்கப்பட்டது. அதற்கு ஈடாக நகரின் வேறு ஆலயங்கள் கிறிஸ்தவருக்கு உறுதிசெய்யப்பட்டன. நேர்த்தெருவிலுள்ள மரியாள் பேராலயம் அவ்வாறு திரும்பப் பெற்றது என்பது மரபு. அதுவே இன்று அந்தியோகியாவின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பேட்ரியார்க்கின் பேராலயம். ஈடு கொடுக்கப்பட்டது உண்மை. விருப்பமில்லாதோரிடமிருந்து ஆலயம் எடுக்கப்பட்டதும் உண்மை. வரலாற்றாசிரியன் இரண்டையும் ஒருங்கே கூறக் கடமைப்பட்டவன்.

புதிய கட்டடத்தின் அமைப்பு இறையியல் மாணவர் கருதத்தக்கது. பசிலிக்கா வகை ஆலயம் மேற்கிலிருந்து கிழக்கே நீண்டு செல்வது. மக்கள் கூட்டம் நீளவாக்கில் திருப்பந்தியை நோக்கி நிற்கும். இஸ்லாமியத் தொழுகையோ அகன்ற வரிசைகளாக மெக்காவை நோக்கி நிற்பது. தமஸ்குவிலிருந்து மெக்கா தெற்கே உள்ளது. எனவே கட்டடக் கலைஞர்கள் பசிலிக்காவின் மூன்று தூண் வரிசைக் கூடங்களை அப்படியே எடுத்து, தென்சுவருக்கு இணையாக அகலவாக்கில் அமைத்தனர். கூடம் பழையது, திசை புதிது. வழிபாட்டு முறையே கட்டடத்தை உருவாக்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பதரிது. முற்றத்துச் சுவர்களில் பொன்னிறப் பின்னணியில் மரங்களும் ஆறும் மாளிகைகளும் மொசைக் ஓவியங்களாகத் தீட்டப்பெற்றுள்ளன. கிறிஸ்தவ ஆலயங்களில் வளர்ந்த கலையே அது. மனித உருவமும் விலங்குருவமும் மட்டும் அதில் இல்லை.

தொழுகைக் கூடத்தினுள் யோவான் ஸ்நானகனின் தலை வைக்கப்பட்டிருப்பதாக நம்பப்படும் சமாதி ஒன்றுண்டு. யஹ்யா நபி என்னும் பெயரால் இஸ்லாமியர் அதனை மதிக்கின்றனர். 2001 மே மாதத்தில் போப் இரண்டாம் யோவான் பவுல் இப்பள்ளிவாசலுக்குள் சென்று அச்சமாதியருகே நின்றார். போப் ஒருவர் பள்ளிவாசலுக்குள் சென்றது அதுவே முதன்முறை.

பயணிகள் பெரும்பாலும் காணத் தவறுவது மற்றொன்றுண்டு. இரு சமயத்தாரும் பயன்படுத்திய அந்தத் தென்வாயில் பின்னர் அடைக்கப்பட்டது. ஆனால் அதன் நிலையின் மேற்கல்லில் கிரேக்கக் கல்வெட்டொன்று இன்றும் உள்ளது. 145-ஆம் சங்கீதத்தின் 13-ஆம் வசனமே அது. இராஜ்யத்துக்குரியவராகக் கிறிஸ்துவின் பெயர் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அக்கல் அழிக்கப்படாமல் நிற்கிறது.

2. தமஸ்கு யோவான்

ஆலயம் கைமாறிய காலத்தில் அந்நகரில் வாழ்ந்த இறையியலாளர் ஒருவரை நாம் அறிவோம். அவரே தமஸ்கு யோவான். அவர் பாட்டனார் மன்சூர், நகரம் சரணடைந்த காலத்தில் அதன் நிதி நிர்வாகத்தில் இருந்தவர். தந்தை சர்ஜூன் உமையாக் கலீபாக்களின் கீழ் நிதிப் பொறுப்பு வகித்தவர். யோவானோ எருசலேமுக்கருகிலுள்ள மார் சாபா மடத்தில் துறவியானார் என்பது மரபு.

பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவப் படங்களைத் தடைசெய்தபோது, அவற்றுக்காக வாதிட்ட தலைசிறந்த குரல் இந்த யோவானுடையதே. பேரரசுக்குள்ளிருந்தோர் பேச அஞ்சியதை, கலீபாவின் ஆட்சிக்குள் வாழ்ந்த அவர் அச்சமின்றி எழுதினார். கிறிஸ்தவப் பேரரசனின் கை அவரை எட்டவில்லை. 754-இல் பேரரசரின் விருப்பப்படி கூடிய ஆலோசனைச் சங்கம் அவரைச் சபித்தது. 787-இல் நிசேயாவில் கூடிய சங்கம் அவரை மீண்டும் பாராட்டியது. இஸ்லாத்தைப் பற்றி விரிவாக எழுதிய முதல் கிறிஸ்தவ இறையியலாளர்களுள் அவரும் ஒருவர். அவர் அதனைக் கடுமையாக மறுத்தார். ஆனால் அறிந்து மறுத்தார். அயலாரின் நம்பிக்கையை அருகிருந்து கற்றபின் விவாதிப்பது எவ்வாறென்பதற்கு அவர் முன்மாதிரியாவார்.

3. எருசலேம்: பாறைமீது எழுந்த குவிமாடம்

எருசலேமின் படங்கள் யாவற்றிலும் தோன்றும் பொன்னிறக் குவிமாடத்தைப் பயணிகள் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். கலீபா அப்துல் மலிக் எழுப்பிய அக்கட்டடத்தின் கல்வெட்டு, ஹிஜ்ரி 72, அதாவது கி.பி. 691–692, எனக் குறிக்கிறது. பிற்காலக் கலீபா மாமூன், கட்டியவரின் பெயரை நீக்கித் தம் பெயரைப் பொறித்தார். ஆனால் ஆண்டு மாற்றப்படாமல் நின்றுவிட்டது. ஆகவே உண்மை வெளிப்பட்டது.

இதன் எண்கோண அமைப்பும் நடுக்குவிமாடமும் அக்காலக் கிறிஸ்தவ நினைவாலயங்களின் மரபைச் சார்ந்தவை. எருசலேமுக்கும் பெத்லகேமுக்கும் இடையே அகழ்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் நூற்றாண்டின் கதிஸ்மா ஆலயமும், நடுவில் பாறையுடைய எண்கோணக் கட்டடமே. பாறைக் குவிமாடத்தின் விட்டம், கல்லறை ஆலயத்தின் குவிமாட விட்டத்துக்கு ஏறத்தாழச் சமமானது. உள்ளே ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்துக்கு ஓடும் எழுத்துகளில், மரியாளின் குமாரனாகிய இயேசுவைத் தேவதூதுவர் எனப் போற்றியும், திரித்துவத்தை மறுத்தும் குர்ஆன் வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கிறிஸ்தவர் பெரும்பான்மையராயிருந்த நகரில், கிறிஸ்தவரையும் நோக்கி எழுதப்பட்ட வாசகங்கள் இவை. இறையியல் விவாதமொன்று கட்டட உருவில் நிற்பதை இங்குக் காண்கிறோம்.

இந்நகரின் கைமாற்றங்களில் இரு சாராரின் நன்மையும் தீமையும் கலந்துள்ளன. நகரம் கலீபா உமரிடம் சரணடைந்தபோது, கல்லறை ஆலயத்தினுள் தொழுமாறு பேட்ரியார்க் சொப்ரோனியு அழைத்ததாகவும், தாம் அங்குத் தொழுதால் பின்வருவோர் அதனைக் காரணங்காட்டி ஆலயத்தைப் பறிப்பரென உமர் மறுத்ததாகவும் ஒரு செய்தியுண்டு. இதனை எழுதிவைத்தவர் பத்தாம் நூற்றாண்டின் அலெக்சந்திரியப் பேட்ரியார்க் யூத்திகு என்னும் கிறிஸ்தவரே. ஆனால் 1009-இல் கலீபா ஹாக்கிம் அதே ஆலயத்தை இடிப்பித்தார். 1099-இல் சிலுவைப் போர் வீரர் நகரைப் பிடித்தபோது இஸ்லாமியரையும் யூதரையும் கொன்று குவித்தனர். பாறைக் குவிமாடத்தை ஆலயமாக்கி அதன்மேல் சிலுவையை நாட்டினர். 1187-இல் நகரை மீட்ட சலாவுத்தீன் அச்சிலுவையை அகற்றினார். ஆனால் கல்லறை ஆலயத்தை இடிக்கும்படி சிலர் கூறிய ஆலோசனையை ஏற்கவில்லை.

4. கெய்ரோவும் அலெப்போவும்

கெய்ரோவில் உரோமக் கோட்டை வாயிலின்மேல் கட்டப்பட்ட கோப்தியத் தொங்கும் ஆலயத்தைக் காணாமல் எக்குழுவும் திரும்புவதில்லை. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள இப்னு தூலூன் பள்ளிவாசலைக் காண்போர் மிகச் சிலரே. 876–879-இல் செங்கல்லாலும் சுதையாலும் கட்டப்பெற்ற அதன் கூரையைத் தாங்குவன கல்தூண்கள் அல்ல, பருத்த செங்கல் தூண்களே. இதற்கு மக்ரீசி முதலிய எகிப்திய வரலாற்றாசிரியர் ஒரு காரணம் கூறுவர். பள்ளிவாசலுக்கு முந்நூறு கல்தூண்கள் தேவைப்பட்டன; அவற்றைக் கிறிஸ்தவ ஆலயங்களிலிருந்தே பெயர்த்தெடுக்க வேண்டியிருந்தது. அதனைக் கேள்வியுற்ற கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர் ஒருவர், மிஹ்ராபுக்குரிய இரு தூண்கள் தவிர வேறு கல்தூணின்றிக் கட்டித் தருவதாகச் சிறையிலிருந்து எழுதியனுப்பினார். ஆளுநரும் இசைந்தார் என்பர். இப்னு தூலூன் வளர்ந்த ஈராக்கின் சமாராவிலும் செங்கல் தூண்களே வழக்கிலிருந்தமையால், காரணம் அதுவாகவும் இருக்கலாம். ஆயினும் இக்கதையை மறவாது போற்றி எழுதியவர் இஸ்லாமிய ஆசிரியர் என்பது கவனிக்கத்தக்கது.

அலெப்போவில் எதிர்மறையான எடுத்துக்காட்டைக் காண்கிறோம். அங்குப் பெரிய பள்ளிவாசலின் எதிரே ஹலாவியா மதரஸா உள்ளது. அதனுள் அரைவட்டமாக நிற்கும் தூண்களும் இலைவடிவம் செதுக்கிய போதிகைகளும் ஆறாம் நூற்றாண்டின் பேராலயத்துக்குரியவை. அரபு ஆட்சி ஏற்பட்டு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அது கிறிஸ்தவரிடமே இருந்தது. 1124-இல் சிலுவைப் போர் வீரர் அலெப்போவை முற்றுகையிட்டு, நகர்ப்புறத்து இஸ்லாமியக் கல்லறைகளை இழிவுபடுத்தினர். அதற்குப் பழிவாங்கும் வகையில் நகரின் காஜியார் அப்பேராலயத்தைப் பள்ளிவாசலாக்கினார். மேற்கிலிருந்து கிறிஸ்துவின் பெயரால் வந்தவர்களின் செயலுக்கு, அவர்களோடு தொடர்பற்ற கீழைக் கிறிஸ்தவர் விலைகொடுத்தனர். எதிரேயுள்ள பெரிய பள்ளிவாசலின் பதினொன்றாம் நூற்றாண்டு மினாரும், 2013 ஏப்ரல் மாதத்தில் உள்நாட்டுப் போரில் இடிந்து வீழ்ந்தது.

5. குழுவை நடத்துவோர்க்கு

இவ்வரலாற்றை இழப்பின் வரலாறாக மட்டும் கூறினால் நம் மக்கள் மனத்தில் பகையே விளையும். சமாதான வரலாறாக மட்டும் கூறினால் பொய் கூறியவராவோம். 1860 ஜூலையில் தமஸ்குவின் கிறிஸ்தவப் பகுதி தாக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்; மரியாள் பேராலயமும் எரிந்தது. அதே நாள்களில் அங்கு வாழ்ந்த அல்ஜீரியத் தலைவர் அப்துல் காதிர் தம் ஆட்களைத் தெருக்களுக்கு அனுப்பி ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களை மீட்டுக் காத்தார். இவ்விரண்டும் ஒரே நகரின், ஒரே வாரத்தின் செய்திகள். வழிபாட்டிடங்களின் பழைய உரிமைகளைக் கிளறிப் பகை வளர்க்கும் போக்கை நம் நாட்டிலும் காணும் இந்நாளில், வரலாற்றை முழுமையாகக் கூறும் பொறுப்பு ஆயருக்கு மிகுதியாக உண்டு.

மேலும், அந்நகரங்களில் திருச்சபை இன்றும் அரபு மொழியில் ஆராதிக்கிறது. 2025 ஜூன் 22-இல் தமஸ்குவின் மார் எலியாஸ் ஆலயத்தில் ஆராதனை நேரத்தில் நிகழ்த்தப்பட்ட தற்கொலைத் தாக்குதலில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நேர்த்தெருவில் அனனியாவின் வீட்டைத் தேடிச் செல்லும் குழு, அதே தெருவிலுள்ள பேராலயத்தின் ஞாயிறு ஆராதனையில் பங்குபெறாமல் திரும்புமாயின், சவுலைச் சகோதரனே என்றழைத்த அனனியாவின் சந்ததியைக் காணாமல் திரும்புகிறது. ஆகவே பயணத் திட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை உள்ளூர்ச் சபைக்கென ஒதுக்குவதும், ஒரு பள்ளிவாசலுக்குள் காலணியைக் கழற்றி மரியாதையோடு சென்று அதன் வரலாற்றைக் கேட்பதும், நம் குழுக்களை நடத்துவோர் எளிதாகச் செய்யக்கூடியவையே. அவ்வாறு செய்வோர், புறப்படுமுன் தம் சபையாருக்கு இவ்வரலாற்றைச் சில வாரங்களாயினும் கற்பிப்பது இன்றியமையாதது.