தவளையும் பதினேழாம் பிரிவும்

நாட்டியத்தின் பொருட்டே நாம் பெரிதும் நினைவுகூரும் ருக்மிணி தேவி அருண்டேல், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். விலங்குவதையைத் தடுக்க அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. அரசே சட்டம் இயற்றும் என்று நேரு அளித்த உறுதியை ஏற்று அதனைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம்.

அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு ஆய்வுக்கூடத்தின் கதவை அடைக்கவில்லை. புதிய அறிவுக்காகவும் நோய் தீர்க்கவும் செய்யும் சோதனைகளை அனுமதித்தது. ஆயின் 17ஆம் பிரிவு, கண்காணிப்புக் குழுவுக்குச் சில நெறிகளை வகுத்தது. அறுவைச் சோதனைகளில் இயன்றவரை மயக்கமருந்து வேண்டும். நூல், மாதிரியுரு, திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்க இயலுமாயின் கல்லூரிகளில் உயிர்களைத் தவிர்க்க வேண்டும். வெறும் கைப்பழக்கத்துக்காகச் சோதனை செய்வதும் இயன்றவரை கூடாது. அக்குழு 1964இல் அமைந்தது.

எனினும், 1990களில் நெய்வேலியில் மேனிலை வகுப்புப் பயின்ற எங்களுக்கு, மெழுகுத் தட்டில் குத்திவைத்த தவளையே பாடமாயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் பட்ட வகுப்புகளில் விலங்குகளை அறுப்பதை விலக்கியது 2014இல்தான். சட்டத்தில் எழுதிய இரக்கம் கல்லூரி வகுப்பறையை எட்ட 54 ஆண்டுகள் ஆயின. அதற்கிடையே தட்டில் கிடந்த உயிர்களின் கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை.