ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த கெண்டிஷ் குமாரசுவாமி (1877–1947) இந்திய, இலங்கைக் கலை வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவர். பிறந்தது கொழும்பில். தந்தை சர் முத்து குமாரசுவாமி பெயர்பெற்ற தமிழ் வழக்கறிஞர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். தாயின் ஊரான கெண்ட்தான் பிள்ளையின் நடுப்பெயரானது. இரண்டு வயது நிறையுமுன் தந்தை இறந்துவிட, குழந்தை இங்கிலாந்தில் வளர்ந்தது.

லண்டனில் அவர் படித்தது நிலவியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை ஏற்றார். தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் கண்டறியப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. பாறை தேடி ஊர் ஊராக அலைந்தவரின் கண், மெல்ல மெல்லக் கண்டிச் சீமையின் பட்டறைகள்மேல் விழுந்தது. தச்சர், கொல்லர், ஓவியர், நெசவாளர் என்று தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள் இறக்குமதிச் சரக்கின் முன்னால் நொடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வேதனையில் பிறந்தது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ (1908). சிலையை மட்டும் பார்க்காமல், செய்தவனையும் அவன் செய்யும் முறையையும் சேர்த்துப் பார்த்ததே இந்நூலின் பெருமை. புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சடங்கை அதில் விவரிக்கிறார். கைவினைஞர் சிலையை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்தபடியே விழியைத் தீட்டுகிறார். திறந்த கண்ணின் முதல் பார்வைக்கு அத்தனை வலிமை உண்டென்பது நம்பிக்கை. கைத்தொழிலைப் போற்றும் நூல் கைத்தொழிலாகவே வர வேண்டுமென்று, ஆங்கிலக் கைவினை இயக்கத்தின் முன்னோடி வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியில், தம் இங்கிலாந்து வீட்டிலேயே 425 படிகள் அச்சிட வைத்தார். ஓராண்டுக்கு மேல் பிடித்தது.

சென்னைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. நடராசரைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1912இல் முதலில் வெளிவந்தது சென்னையின் ‘சித்தாந்த தீபிகை’ இதழில்தான். வெண்கலச் சிலையின் உடுக்கையும் நெருப்பும் தூக்கிய திருவடியும் எதைச் சொல்கின்றன என்பதற்கு, உண்மை விளக்கம், திருமந்திரம் போன்ற தமிழ் நூல்களையே சான்றாக வைத்தார். மேலைநாட்டார் நடராசரைப் பார்த்த பார்வையை மாற்றிய கட்டுரை அது. 1918இல் நியூயார்க்கில் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பிலும் இடம்பெற்றது.

1916இல் வந்த ‘ராஜபுத்திர ஓவியம்’, அந்த ஓவியங்களை முகலாய மரபிலிருந்து பிரித்துக் காட்டியது. புத்தர் உருவம் கிரேக்கர் தந்த கொடை என்ற கருத்தை 1927இல் மறுத்து, மதுராவின் யட்சர் சிலைகளில் அதன் வேரைக் காட்டினார்.

ராஜபுத்திர ஓவியங்களைத் தேடித்தேடிச் சேர்த்தவர், காசியில் ஒரு தேசிய அருங்காட்சியகம் எழுந்தால் அவற்றை அதற்கே கொடுத்துவிட விரும்பினார். அப்படி ஒன்று எழவில்லை. நாட்டுக்கு அது பேரிழப்பு. 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியப் பிரிவின் காப்பாளரானார். முப்பதாண்டுகள் அங்கேயே பணி. ஓய்வுபெற்று இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தது. நாடு விடுதலை பெற்ற மறுமாதமே, 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் நீதமில் காலமானார். காசிக்கென்று அவர் நினைத்த ஓவியங்கள் பாஸ்டனில் இருக்கின்றன.