றேஞ்ச்பைண்டர் கமராவும் தொழில்முறை ஒளிப்படக் கலைஞரும்

ஒரு கருவி வழக்கிழப்பதற்குப் புதியதொன்று தோன்றுதல் மட்டுமே காரணமன்று. தொழிலின் தேவை மாறுதலும் காரணமாகும். றேஞ்ச்பைண்டர் கமராவின் வரலாறு இதற்குச் சான்று.

இக்கமராவில் காட்சியைப் படம்பிடிக்கும் வில்லையினூடாக நோக்குவதில்லை. முகப்பிலுள்ள இரு சாளரங்கள் தரும் இரு உருவங்கள் ஒன்றுபடும்போது குவியம் சரியாகும். இவ்வமைப்பை வில்லையோடு இணைத்த லைக்கா 1932 இல் வெளிவந்தது. உள்ளே அசையும் ஆடி இன்மையால் ஓசை குறைவு. படம் பதியும் கணத்திலும் காட்சி மறைவதில்லை.

கொழும்பில் லயனல் வென்ட் (1900–1944) லைக்காவைக் கலைக்கருவியாக்கினார். பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிறெசோன் 1948 இல் காந்தியடிகளின் இறுதி யாத்திரையையும், 1950 ஏப்பிரலில் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதி நாள்களையும் அதே கருவியாற் பதிந்தார். துயருற்றோர் நடுவே ஓசையற்ற சிறு கருவியே பொருந்திற்று.

1959 இல் நிக்கோன் எப் வந்தபின் நிலைமை மாறியது. விளையாட்டரங்கிற்கும் வனவிலங்கிற்கும் நீள்வில்லை வேண்டும். 135 மில்லிமீற்றருக்கு மேல் றேஞ்ச்பைண்டர் எளிதில் உதவாது. ஆகவே பத்திரிகையாளர் பெரும்பாலும் அதனைக் கைவிட்டனர்.

2006 இல் லைக்கா எம்8 வாயிலாக லைக்காவின் றேஞ்ச்பைண்டரும் எண்ணிம வடிவு பெற்றது. இன்று ஆடியற்ற பிற கமராக்களும் ஓசையின்றி இயங்குதலால், அமைதி அதன் தனியுடைமையன்று. எனினும் வீதியிலும் இல்லத்திலும் மனிதரைப் பதிவோர் சிலர் அதனையே தேர்கின்றனர். தொலைவை வில்லை குறைக்காதவிடத்துக் கலைஞன் தானே நடந்து அணுகவேண்டும். அணுகுபவன் தன்னை மறைத்தல் அரிது. அந்த நேர்மையே அக்கருவியை இன்றும் வாழ்விக்கின்றது.