பெட்டி போச்சு, ஆம்ப்ளிபயர் பொழைச்சுது

என் மேஜை மேல ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டர், நாலு ஸ்க்ரூவும் கழட்டின நிலையில மூணு வாரமா கிடக்கு. பெரியப்பா வீட்டுப் பரண்ல இருந்து வந்தது. வால்வு செட். உள்ள இருக்கிற மைக் ஆம்ப்ளிபயரை மட்டும் உருவி ஒரு தகரப் பெட்டியில போட்டு, கம்ப்யூட்டர்ல பாட்டுப் பதிவு பண்ண ஒரு மைக் ப்ரீஆம்ப் செஞ்சுக்கலாம்னு திட்டம். சால்டரிங் அயர்னைச் சூடு பண்றதுக்கு முன்னாடி, 'இந்த வேலையை யாரு முதல்ல ஆரம்பிச்சாங்க'ன்னு தேடப் போனேன். தேடினதுல வேலை நின்னு போச்சு. அதான் இந்தப் பதிவு.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மைக்ல இருந்து வர்ற மின்சாரம் ரொம்பச் சொற்பம், ஒரு மில்லிவோல்ட் வந்தாலே பெரிய விஷயம். அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்குன்னு பெருக்கி, ஒரு வோல்ட் பக்கம் கொண்டு வந்தாத்தான் அடுத்த கருவிக்குக் காது கேக்கும். அந்த முதல் பெருக்கலைச் செய்யறதுதான் ப்ரீஆம்ப். இங்க ஒரு சின்ன இரைச்சல் சேர்ந்தா அதுவும் ஆயிரம் மடங்கு பெருகும். அதனால ஒலிப்பதிவுல இருக்கிற மொத்தப் பெட்டிகள்லயும் கவனமாச் செய்ய வேண்டிய பெட்டி இதுதான். பழைய காலத்துல இதைக் கவனமாச் செஞ்சாங்க. அதனாலதான் குப்பைக்குப் போன பெட்டிகளைப் பின்னாடி ஆட்கள் தேடித் தேடிப் பொறுக்கினாங்க.

சரி, கதை 1945-ல தொடங்குது. ஜாக் மல்லின்னு ஒரு அமெரிக்க ராணுவப் பொறியாளர், சிக்னல் கோர் ஆளு. போர்க்காலத்துல ராத்திரி ஜெர்மன் வானொலியைக் கேட்டா நேரடியா ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிற மாதிரி இருக்கும். நடுராத்திரியில எந்த ஆர்கெஸ்ட்ரா உக்காந்து வாசிக்குதுன்னு அவருக்கு ஒரே குழப்பம். போர் முடிஞ்சதும் பாட் நவ்ஹைம்ங்கிற ஊர்ல இருந்த வானொலி நிலையத்துல விடை கிடைச்சுது: மேக்னடோஃபோன், அதாவது டேப் ரெக்கார்டர். ரெண்டு மெஷினைத் துண்டு துண்டாக் கழட்டி, அம்பது ரீல் டேப்போட ஊருக்குத் தபால்ல அனுப்பிட்டார்.

ஊருக்குப் போய் அவர் செஞ்சதுதான் எனக்குப் புல்லரிச்ச இடம். ஜெர்மன் மெஷினோட மோட்டார், ஹெட் எல்லாம் வச்சுக்கிட்டு, எலக்ட்ரானிக்ஸை மட்டும் தூக்கிட்டு அமெரிக்க உதிரிப் பாகங்களை வச்சுப் புதுசா கட்டினார். 1946 மே மாசம் சான் பிரான்சிஸ்கோவுல அதைப் போட்டுக் காட்டினார். அடுத்த வருஷம் பாடகர் பிங் கிராஸ்பி அவரை வேலைக்கு எடுத்து, தன் வானொலி நிகழ்ச்சியை டேப்ல பதிய ஆரம்பிச்சார். கிராஸ்பி போட்ட 50,000 டாலர் தைரியத்துல ஆம்பெக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி 1948-ல '200ஏ' மெஷினை வெளிய விட்டுது. ஆக, அமெரிக்க டேப்போட ஆதி மெஷினே மெக்கானிக்ஸை வச்சுக்கிட்டு எலக்ட்ரானிக்ஸைத் தூக்கிப் போட்டதுதான். பின்னாடி வந்தவங்க அதைத் தலைகீழாச் செஞ்சாங்க. எலக்ட்ரானிக்ஸை வச்சுக்கிட்டு மெஷினைத் தூக்கிப் போட்டாங்க.

ஏன் அப்படிச் செய்ய முடிஞ்சுது? 1950கள்ல வந்த ஆம்பெக்ஸ் 350, 351 வகையறாவைப் பார்த்தா புரியும். டேப் ஓடுற தட்டு தனி, எலக்ட்ரானிக்ஸ் பெட்டி தனி, நடுவுல கேபிள். மெம்பிஸ்ல சாம் ஃபிலிப்ஸோட சன் ஸ்டூடியோவுல எல்விஸ் குரலுக்குப் பின்னாடி 'டப்'னு ஒரு எதிரொலி கேக்குமே, அது ரெண்டு ஆம்பெக்ஸ் 350-ஐ வச்சு உண்டாக்கினது. ஒரு ட்ராக்குக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் பெட்டி. மூணு ட்ராக் வேணுமா, மூணு பெட்டி அடுக்கு. 1957-ல லெஸ் பாலுக்கு எட்டு ட்ராக் மெஷின் செஞ்சு குடுத்தப்ப ('ஆக்டோபஸ்'னு அதுக்குப் பேரு) எட்டையும் அடுக்கினாங்க, பீரோ உயரத்துக்கு.

அந்த ஒரு பெட்டிக்குள்ள மைக் ஆம்ப்ளிபயர், மீட்டர், வெளியே அனுப்புற ட்ரான்ஸ்பார்மர் எல்லாம் இருந்துது. ஒரு சுவிட்சும் உண்டு: டேப்ல இருந்து வர்றதைக் கேக்கலாம், இல்லன்னா உள்ள வர்றதையே நேரடியாக் கேக்கலாம். ரெண்டாவது பக்கம் தள்ளினா மைக்ல வர்றது நேரா மீட்டருக்கும் வெளி இணைப்புக்கும் போயிடும். டேப்பே தேவையில்லை. கிட்டத்தட்ட ஒரு முழு ப்ரீஆம்ப், தன்னை அறியாம ஒரு டேப் ரெக்கார்டருக்குள்ள குடித்தனம் பண்ணிட்டு இருந்திருக்கு.

வெளிய போற கம்பியும் ஒரு பொது ஒழுங்குல இருந்துது. தொலைபேசிக் காலத்துல இருந்து வந்த 600 ஓம் வழக்கம், 1939-ல பெல் லேப்ஸும் அமெரிக்க வானொலி கம்பெனிகளும் சேர்ந்து ஏத்துக்கிட்ட வியூ மீட்டர், இப்படி எல்லாருக்கும் ஒரே அளவு. நம்ம பாஷையில சொன்னா இன்டர்பேஸ் ஒழுங்கா இருந்துது. உள்ள இருக்கிற கோடு எவ்வளவு பழசா இருந்தாலும், இன்டர்பேஸ் ஒழுங்கா இருந்தா வேற சிஸ்டத்துல தூக்கி மாட்டிடலாம்தானே! (ஆபீஸ்ல இதைச் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.)

1960களோட ரெண்டாம் பாதியில ட்ரான்சிஸ்டர் வந்துடுச்சு. 1967-ல ஆம்பெக்ஸே ஏஜி-440 கொண்டு வந்தாங்க. வால்வு மெஷின் எல்லாம் மூலைக்குப் போச்சு. சூடு, பாரம், வால்வு மாத்துற செலவு, யாருக்கு வேணும்? அந்த மூலையில இருந்துதான் வீட்டுல பாட்டு பதியற ஆட்கள் பின்னாடி மலிவா வாங்கினாங்க.

இதே கதை ஜெர்மனியிலயும் நடந்துது, இன்னும் சுத்தமா. 1950கள்ல மேற்கு ஜெர்மனி வானொலி நிலையங்களுக்காக 'வி72'ன்னு ஒரு ஆம்ப்ளிபயர் வந்துது. டெலிஃபுங்கன், டாப்னு சில கம்பெனிகள் ஒரே வரைபடத்தை வச்சுச் செஞ்சாங்க. அலமாரியில புத்தகம் செருகற மாதிரி செருகுற கேசட். உள்ள இஎஃப்804எஸ் வால்வு ரெண்டு. பெருக்கம் 34 டெசிபெல், அதாவது அம்பது மடங்கு. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. முக்கியமா, ஒவ்வொரு கேசட்டுக்குள்ளயும் அதுக்குன்னு தனி பவர் சப்ளை. நிகழ்ச்சி ஓடிட்டு இருக்கும்போது ஒண்ணு பழுதானா உருவிப் போட்டுட்டு இன்னொண்ணைச் செருகிட்டுப் போயிட்டே இருக்கலாம். நிலையங்கள் இதைக் கழிச்சுக் கட்டினப்போ வாங்கின ஆளுக்கு வேலையே இல்லை. வீட்டு மின்சாரம் குடுத்து, ரெண்டு எக்ஸ்எல்ஆர் சாக்கெட் வச்சா மைக் ப்ரீஆம்ப் ரெடி.

லண்டன் ஆபி ரோட்ல இருந்த ஈஎம்ஐக்காரங்க இதோட தம்பி 'வி72எஸ்'ஸை (40 டெசிபெல், நூறு மடங்கு) தங்களோட 'ரெட் 37' மிக்சர்ல போட்டாங்க. அடுத்த 'ரெட் 51'ல சொந்தமாச் செஞ்ச 'ரெட் 47' ஆம்ப்ளிபயர். பீட்டில்ஸ் பாட்டுல பெரும்பகுதி இந்த ரெண்டு மிக்சர் வழியாத்தான் வந்துது.

இங்க எனக்கு ஒரு கருத்து உண்டு, சண்டைக்கு வரவங்க வரலாம். 'வால்வுன்னா தேன் மாதிரி இனிமை'ன்னு இப்ப விளம்பரம் பண்றாங்க. வி72-ஐ வரைஞ்ச பொறியாளர்கள் கேட்டா தலையில அடிச்சுக்குவாங்க. எதிர்ப் பின்னூட்டம் போட்டு (நம்ம பின்னூட்டம் இல்லீங்க, மின்சுற்றுப் பின்னூட்டம்) கலப்படம் இல்லாத சத்தம் வரணும்னு பாடுபட்ட மனுஷங்க அவங்க. இன்னிக்கு நாம காசு குடுத்துத் தேடற குணம், அவங்க ஒழிக்கப் பார்த்து ஒழியாம மிஞ்சினது. 1968-ல பீட்டில்ஸ் 'ரெவல்யூஷன்' பதிஞ்சப்போ கிடாரை நேரா மிக்சர்ல சொருகி, ரெண்டு ப்ரீஆம்பை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வச்சு, தாங்காத அளவுக்குத் திணிச்சாங்க. அந்தக் கரகரப்பு அப்படி வந்தது. ஈஎம்ஐ விதிப்படி அது குத்தம்!

ஆபி ரோட்டுக்கும் ட்ரான்சிஸ்டர் மிக்சர் வந்துது. 1969-ல வந்த 'ஆபி ரோட்' ஆல்பம் அதுலதான் பதிஞ்சாங்க. முரட்டுத்தனம் போய் சத்தம் மென்மையாயிடுச்சுன்னு பொறியாளர் ஜெஃப் எமரிக் 2006-ல வந்த தன் புத்தகத்துல குறைப்பட்டிருக்கார். 1980 அக்டோபர்ல ஆபி ரோட்ல பழைய சாமான் எல்லாத்தையும் ஏலம் போட்டாங்க. பீட்டில்ஸ் வழவழன்னு இருக்குன்னு வேண்டாம்னு சொன்ன டாய்லெட் பேப்பர் உருளைகூட அந்த ஏலத்துல வந்துதாம் :-)

சரி, எடுத்த பெட்டியை ப்ரீஆம்ப் ஆக்கறப்போ என்ன பண்றாங்க? டேப்ல பதியும்போது மேல்ஸ்தாயியைத் தூக்கிப் பதிவாங்க. அந்தப் பகுதியைத் தொடாம சிக்னலை முன்னாடியே வெளிய எடுக்கணும். டேப்புக்கு மட்டும் தேவைப்பட்ட பயாஸ் ஆசிலேட்டர் வால்வைப் பிடுங்கிடலாம், வீணாச் சூடாகாது. காய்ஞ்சு போன கண்டன்சர் எல்லாத்தையும் மாத்தணும். இப்பத்திய கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் தனியாச் சேர்க்கணும், பழைய பெட்டியில அது இருக்காது. அந்த 48-க்கும் ஒரு கதை இருக்கு. 1966-ல நார்வே வானொலிக்காக நாய்மன் கம்பெனி கேஎம்84 மைக் செஞ்சப்போ, அங்க அவசர விளக்குக்காக ஏற்கெனவே 48 வோல்ட் லைன் இருந்துது. அதையே எடுத்துக்கிட்டாங்க. உலகம் முழுக்க அதுவே நிலைச்சுடுச்சு.

முயற்சி பண்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள இருக்கிற கண்டன்சர்ல முந்நூறு வோல்ட் உக்காந்திருக்கும். ரெசிஸ்டர் வச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பார்த்துட்டுத்தான் கை வைக்கணும். பவர் ட்ரான்ஸ்பார்மர் இல்லாத பழைய ஏசி/டிசி செட்ல சேசிஸே நேரா கரண்ட்ல இருக்கலாம். அதுல மைக் மாட்டிப் பாடற விளையாட்டே வேணாம்.

இனி என் தூக்கம் கெட்ட விஷயம். ஒரு ஆம்பெக்ஸ்ல இருந்து எலக்ட்ரானிக்ஸைப் பிரிச்சுட்டா மிச்சம் இருக்கிற மெஷின் ஊமை. மோட்டாரும் ஹெட்டும் காயலான் கடைக்குப் போகும். 'அதுல என்ன இப்ப, அடுத்த தலைமுறை மெஷின்ல டேப்பைப் போட்டுக்கேட்டாப் போச்சு'ன்னு நானும் நினைச்சேன். சாதாரண மோனோ டேப்புக்கு அது சரிதான். ஆனா எல்லா டேப்பும் சாதாரணம் இல்லை. மெர்க்குரி கம்பெனி 1950கள்ல அரை அங்குல டேப்ல மூணு ட்ராக்கா பதிஞ்ச ஆர்கெஸ்ட்ரா இசையை 1990-ல இருந்து சிடியாக் கொண்டு வந்தாங்க. அதை மேற்பார்வை பண்ணவங்க, அந்தக் காலத்துலயே அதே கம்பெனியில தயாரிப்பாளரா இருந்த வில்மா கொசார்ட் ஃபைன் அம்மா. மாஸ்டர் டேப்பை ஓட்ட அவங்க வச்சிருந்தது பழைய வால்வு ஆம்பெக்ஸ் 300-3, முழுசா. அதுல இருந்த மூணு பெட்டியை ஒரு புண்ணியவான் ப்ரீஆம்புக்காக உருவியிருந்தா?

2015-ல ஆஸ்திரேலியாவோட தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் டேப்புக்கெல்லாம் 2025-ஐக் கெடுவா வச்சு ஒரு அறிக்கை விட்டுது. அதுக்குள்ள டிஜிட்டலுக்கு மாத்தாத டேப் பெரும்பாலும் போனது போனதுதான்னு சொன்னாங்க. டேப் கெட்டுப் போறது ஒரு பக்கம். ஓட்டறதுக்கு மெஷினும், ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச கையும் இல்லாமப் போறது இன்னொரு பக்கம். அந்த ரெண்டாவது பக்கத்துல நம்ம மாதிரி ஸ்க்ரூடிரைவர் பிடிச்ச ஆட்களுக்கும் பங்கு இருக்கு. வி72-ஐ எடுத்தவங்க மேல எனக்கு வருத்தமே இல்லை, அது பிறந்ததே தனி ஆம்ப்ளிபயரா. ஓடாத, ஹெட் தேய்ஞ்ச மெஷின்ல இருந்து உருவினாலும் தப்பில்லை. ஓடற மெஷினை வெட்டறதுதான் உறுத்துது.

இப்ப என் மேஜைக்கு வரேன். இந்த ரெக்கார்டரோட ஒரு ரீலும் வந்துது. மேல பேர் எழுதலை. விளக்குக்கு எதிரே பிடிச்சுப் பார்த்தேன், சுத்தின டேப் வழியா வெளிச்சம் ஊடுருவுது. அப்படின்னா அசிடேட், அந்தக் காலத்து டேப். பாலியெஸ்டரா இருந்தா வெளிச்சம் வராது. அசிடேட் கெட ஆரம்பிச்சா வினிகர் வாசனை வரும். மோந்து பார்த்தேன், வாசனை இல்லை. பெரியப்பாகிட்ட என்ன பதிஞ்சிருக்குன்னு கேட்டா, 'தாத்தா எதையோ பதிஞ்சாரு, கல்யாணமா கச்சேரியா ஞாபகம் இல்லடா'ங்கறார். ரெக்கார்டர்ல மோட்டார் சுத்துது, ஆனா ரப்பர் பெல்ட் உருகி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஓட விட்டா டேப்பைக் கடிச்சுடுமோன்னு பயம்.

சென்னையில யார்கிட்டயாவது நல்லா ஓடற ஸ்பூல் பிளேயர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. பெல்ட் கிடைக்கிற கடை தெரிஞ்சாலும் சரி. அது வரைக்கும் நாலு ஸ்க்ரூவும் ஒரு தீப்பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு.