செய்யுள்

செய்யுள் (பெயர்ச்சொல்): ‘செய்’ என்னும் வினையடியோடு ‘உள்’ விகுதி சேர்ந்து பிறந்த சொல். ‘செய்யப்பட்டது’ என்பது பொருள். ‘கடவுள்’ என்பதிலும் இதே விகுதியைக் காண்பர்.

இன்று செய்யுள் என்றால் யாப்பில் அமைந்த பாட்டு. உரைநடை அதற்கு எதிர்ப்பக்கம். பழைய வழக்கு இன்னும் அகலமானது. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழையும் செய்யுள் தோன்றும் இடங்களாகத் தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணுகிறது. பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. உரையும் அங்கே செய்யுளுக்குள் அடக்கம். 19-ஆம் நூற்றாண்டில் அச்சோடு வசனநடை பெருகியபின் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் பழக்கம் வேரூன்றியது.

உரைநடையைப் போல நாடகம் செய்யுளுக்கு எதிர்ப்பக்கமன்று; அதன் கணக்கு வேறு. அது நடித்துக் காட்டுவதைக் குறிக்கும்; யாப்பைப் பொறுத்ததன்று. ஆகவே 1891-இல் வெளிவந்த பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகமும் ஆகும், செய்யுளும் ஆகும்.

கவிதையோடும் செய்யுளைக் குழப்பக்கூடாது. செய்யுள் வடிவத்தின் பெயர். கவிதை தன்மையின் பெயர். சொற்பொருள் தரும் நிகண்டு செய்யுளில் இருந்தாலும் கவிதையன்று. புதுக்கவிதை கவிதையாக இருந்தாலும் செய்யுளன்று.